ஒரே ஒரு வரி

வாங்க தம்பி, வாங்க. செருப்பைக் கழட்ட வேணாம், தரை அப்படித்தான் கெடக்கு. தமயந்தி கேட்டரிங்தானே? ம். போர்டைத் தேடிட்டு நாலு வீடு தாண்டிப் போயிட்டுத் திரும்பி வந்திருப்பீக. போர்டு இல்ல. அவ இங்க இல்ல. ஆறு மாசம் ஆச்சு போயி. யாரோ பழைய அட்ரஸைக் குடுத்து உங்களை அலைய விட்டிருக்காக. இங்க இப்ப நான் மட்டுந்தான். வைரவன். சமையல் வைரவன்னா காரைக்குடிப் பக்கத்துல தெரியாத மண்டபம் கெடையாது. தமயந்தி என் மருமக.

அட்ரஸ் சொல்றேன், சொல்லாம இருப்பனா? வெயில் தாழட்டும், உக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடாது. பொண்ணுக்கா கல்யாணம்? ஆவணியிலயா, நல்லது. எத்தனை இலை? அறுநூறா. அறுநூறு இலைக்கெல்லாம் நான் ஒரு காலத்துல அடுப்புக்கிட்டயே போக மாட்டேன், நாற்காலியில உக்காந்துகிட்டே வாசத்தை வெச்சு உப்பு சொல்லுவேன்.

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீக. அவ பில் குடுப்பா, தெரியுமா? அச்சடிச்ச பில். இலைக்கு இம்புட்டு, ஆளுக்கு இம்புட்டு, பாத்திர வாடகை இம்புட்டுன்னு வரிசையா இருக்கும். கடைசியில ஜி.எஸ்.டி.ன்னு தனியா ஒரு தொகை. உங்க கல்யாணத்துக்கு அதுவே பத்தாயிரத்துச் சொச்சம் வரும். யாருக்கு அந்தப் பத்தாயிரம்? மாப்பிள்ளை வீட்டுக்கா? உங்க பொண்ணுக்கா? யோசிக்கிறீக. பத்தாயிரம்னதும் உங்க முகம் மாறுனதை நான் பாத்தேன், மறைக்காதீக.

எங்க தொழில்ல பில்லுங்கிற வழக்கமே கெடையாது தம்பி. எங்கப்பா காலத்துலேருந்து தட்டுதான். வெத்தலை பாக்கு, ரெண்டு வாழைப்பழம், ஒரு மஞ்சக் கொம்பு, அதுக்கு மேல பணம். கல்யாண வீட்டுப் பெரியவுக கெழக்கப் பாத்து நின்னு குடுப்பாக. நான் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ரெண்டு கையாலயும் வாங்குவேன். அங்க வெச்சு எண்ணக் கூடாது. எண்ணுனா குடுத்தவுகளைச் சந்தேகப்பட்ட மாதிரி. அதுக்குப் பேரு கூலி இல்ல, சம்பளம் இல்ல. மரியாதை. 'வைரவா, மரியாதை எம்புட்டு?'ன்னுதான் கேப்பாக. 'உங்க மனசு போல'ம்பேன். மனசு எம்புட்டு இருக்கணுங்கிறதை எங்க ஆளு ஒருத்தன் முன்னாடியே அவுக காதுல போட்டிருப்பான், அது வேற விசயம்.

மரியாதைக்கு யாராவது வரி கட்டுவாகளா? நீங்களே சொல்லுங்க.

வரி ஆபீசுல பெரிய உத்தியோகத்துல இருந்தவரு ஒருத்தரு, பேரு வேணாம், அவரு மக கல்யாணத்துக்கு நாந்தான் சமையல். ஆயிரத்து இருநூறு இலை. தட்டுலதான் வெச்சுக் குடுத்தாரு. பில்லு கேட்டாரா? ரசீது கேட்டாரா? 'அவியல் பிரமாதம் வைரவா'ன்னு தோள்ல தட்டிட்டுப் போனாரு. அன்னைக்கே எனக்கு விளங்கிப் போச்சு, இந்த வரிங்கிறது மாசச் சம்பளக்காரனைப் புடிச்சு வெச்சுக் கறக்கறதுக்காகப் போட்டது, நம்மளை மாதிரி சொந்தக் கையை நம்பிப் பொழைக்கிறவனுக்கு இல்லேன்னு. எவனாவது எனக்கு ஒரு கரண்டி வாங்கிக் குடுத்தானா? ஆறு வயசுல அடுப்படிக்கு வந்தேன். இந்தக் கையைப் பாருங்க, எத்தனை தழும்பு. இதுல எந்தத் தழும்புல கவர்மெண்டுக்குப் பங்கு இருக்கு?

சும்மா சொல்லக் கூடாது, எங்க ரேஷன் கார்டு அரிசிக் கார்டுதான். வருமானமில்லாத குடும்பம்னு தாள்லயே இருக்கே. எனக்கு முதியோர் பணமும் வருது. நான் வாங்காம விட்டா வேற எவனாவது வாங்கிட்டுப் போவான், அதான் வாங்குறேன்.

எம் மகன் பூமிநாதன். ஒரே மகன். கேட்டரிங் படிச்சவன். எங்கிட்ட பதிமூணு வகைன்னா அவன் முப்பது வகை செய்வான். பதினாலு பேருக்கு வேலை குடுத்தான். செலவெல்லாம் போக வருசத்துக்கு ஒம்பது லட்சம் நின்னுச்சு. நம்புங்க, ஒம்பது லட்சம். நான் வாழ்நாள் பூரா கண்ணால பாக்காத தொகை.

வேன் வாங்கக் கடனுக்குப் போனான். வருமானக் கணக்குக் காட்டுன தாளு வேணும்னாக பேங்க்ல. ஆடிட்டர்கிட்டப் போயிட்டு வந்து, இந்தா, இந்த அடுப்படியில நின்னுதான் சொன்னான். தமயந்தி தேங்கா துருவிக்கிட்டு இருந்தா. 'அப்பா, உள்ளதைக் காட்டிருவோம்பா. எழுபதாயிரம் போல வரி வரும். கட்டிட்டு நிம்மதியா இருப்போம்'னான். எழுபதாயிரம்! 'ஏண்டா, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? தாளுதானே கேக்குறான், தாளைக் குடு. ஒண்ணே முக்கா லட்சம், ஒண்ணு எம்பதுன்னு போட்டுக் குடு, ஒரு பைசா வரி வராது'ன்னேன்.

ஆறு வருசம். ஒவ்வொரு ஆடி மாசமும் இதே கூத்து. அவன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவான், நான் சத்தம் போடுவேன், கடைசியில கையெழுத்துப் போடுவான். ஒரு வருசம் ரெண்டு நாள் எங்கிட்ட பேசாம, சாப்பிடாம கெடந்தான். நான் விடுவனா? 'இந்த வீடு எம் பேர்ல இருக்கு. நான் சொன்ன தொகையைப் போடலேன்னா இந்த அடுப்புல நீ பாத்திரம் வைக்கக் கூடாது'ன்னேன். போட்டான். போடும்போது கண்ணுல தண்ணி. நல்ல பய தம்பி. பெத்தவன் பேச்சை ஒரு நாளும் தட்டுனதில்ல.

மூணு வருசம் ஆகப் போகுது. மாசி மாசம். பகல் பதினோரு மணி. ஒரு மண்டபத்தைப் பாத்துட்டு பைக்ல வந்துக்கிட்டு இருந்தான். ரோட்டுல ஒரு பள்ளம், ஆறு மாசமா அப்படியே கெடந்த பள்ளம். அதுல விழாம ஒதுங்குனவனைப் பின்னாடி வந்த டிப்பர் லாரி...

கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சுக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். ஸ்கேன் மிஷினு ரிப்பேர்ன்னுட்டாக. பெரிய ஊருக்குக் கொண்டு போங்கன்னாக. போற வழியிலேயே முடிஞ்சு போச்சு. தமயந்தி மடியிலதான் தலை இருந்துச்சு. எனக்கு வயிறு எரியுது தம்பி. இத்தனை கோடி சனங்ககிட்ட வரி வாங்குறானுகளே, ஒரு பள்ளத்தை மூட வக்கில்ல, ஒரு மிஷினை ரிப்பேர் பாக்க வக்கில்ல. அந்தப் பணமெல்லாம் எங்கதான் போகுது? கேக்க நாதியில்லாத நாடு.

சரி, போனவன் போயிட்டான். இருக்கிறதுகளுக்கு வழி வேணுமே. லாரிக்காரனோட இன்சூரன்சு கம்பெனி மேல நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டோம். நம்ம வக்கீலு நோட்டுல கணக்குப் போட்டுப் பாத்துட்டு, 'வருசத்துக்கு ஒம்பது லட்சம் சம்பாதிச்சாருன்னா ஒண்ணேகால் கோடி வரைக்கும் வரும் பெரியவரே'ன்னாரு. எம் பேத்தி இனியாவுக்கு அப்ப எட்டு வயசு. அந்தப் பிள்ளை படிச்சு, கல்யாணம் காச்சி எல்லாத்துக்கும் ஆச்சுன்னு நெனச்சேன். மகன் போன துக்கத்துலயும் அது ஒரு தெம்பா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

கோர்ட்டுல என்னையக் கூண்டுல ஏத்துனாக. இன்சூரன்சு கம்பெனி வக்கீலு ஒரு சின்னப் பொண்ணு. முப்பது வயசு இருக்காது. ஐயா, ஐயான்னு என்னமா பேசுச்சு தெரியுமா, தேனு மாதிரி.

'உங்க மகன் வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிச்சாருங்கய்யா?'

'ஒம்பது லட்சம்மா.'

'ஒம்பது லட்சமும் வருமானந்தானே?'

'ஆமாம்மா.'

ஒரு தாளை எடுத்துக் காட்டுச்சு. எங்க வீட்டு அடுப்படியில போட்ட கையெழுத்து. 'இதுல ஒரு லட்சத்து எண்பதாயிரம்னு இருக்குங்களே. மீதி என்னங்கய்யா?'

எனக்கு வாயில வந்தது அதுதான். 'மீதி மரியாதைங்கம்மா. தட்டுல வர்றது'ன்னேன்.

கோர்ட்டே சிரிச்சுச்சு. ஜட்ஜையாகூட தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கல. 'சரிங்கய்யா. சட்டத்துல வருமானத்துக்குத்தான் நஷ்டஈடு இருக்கு. மரியாதைக்கு இல்லையே'ன்னுச்சு. எங்கப்பாவும் நானுமா ரெண்டு தலைமுறையா சொல்லிட்டு வந்த வார்த்தை தம்பி. எம் வாயிலேருந்தே புடுங்கி எம் மூஞ்சியிலயே எறிஞ்சுட்டா.

அதோட விட்டாளா? 'ஒண்ணு, உங்க மகன் இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டு அரசாங்கத்துக்கிட்ட பொய் சொல்லியிருக்கணும். இல்லேன்னா நீங்க இப்ப கோர்ட்டுகிட்ட பொய் சொல்றீங்க. எதுங்கய்யா?'

யோசிக்க எங்க நேரம்? எதிர்ல நாற்பது பேரு உக்காந்திருக்கான். நாந்தான் மறைக்கச் சொன்னேன்னு சொன்னா என்னாகும்? வீடு எம் பேருல. டெபாசிட்டு எம் பேருல. மறுநாளே வாசல்ல ஜீப்பு வந்து நிக்கும். உசுரோட இருக்கவனைத்தான் புடிப்பான், போய்ச் சேந்தவனை எவன் வந்து புடிக்கப் போறான்? அதான் சொன்னேன். 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எம் மகன்தான் மறைச்சுட்டான். வரியைக் கட்டுப்பான்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், அவன் கேக்கல'ன்னு.

என்ன, அப்படிப் பாக்குறீக? அதுல அவனுக்கு என்ன நட்டம்? பணம் வந்தா யாருக்கு? அவளுக்கும் பிள்ளைக்குந்தானே?

அவ மூணாவது பெஞ்சுல உக்காந்திருந்தா. அழுகல. என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. அடுத்து அவளைக் கூப்பிட்டாக. கூண்டுல ஏறுனவ யாரும் கேள்வி கேக்குறதுக்கு முந்தியே ஆரம்பிச்சுட்டா. 'மறைச்சது நெசம். மறைக்க வெச்சது எங்க மாமா. ஆறு வருசமும் அவுக அழுதுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டாக. எங்க வீட்டுக்காரவுக திருடன் இல்லைங்கய்யா'ன்னா. நம்ம வக்கீலு தலையில கையை வெச்சு உக்காந்துட்டாரு. குடும்பத்து மானம் நடுக்கோர்ட்டுல போச்சு. மாமனாரைக் காட்டிக் குடுத்த மருமகளை எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீகளா?

தாள்ல இருக்கிறதுதான் கணக்குன்னுட்டாரு ஜட்ஜு. இருபத்தஞ்சு லட்சம். அதுலயும் பிள்ளை பங்கை பேங்க்ல போட்டுட்டாக, பதினெட்டு வயசுல எடுக்கலாமாம். மகனை நம்பியிருந்த தகப்பன்னு எனக்கு ரெண்டு லட்சம். வாங்கிக்கிட்டேன். ஒரு கோடி போச்சு தம்பி, ஒரு முழு கோடி. எழுபதாயிரத்தை மிச்சம் புடிச்சதுக்கா போச்சு? அந்தப் பொம்பளைப் பிள்ளை வக்கீலாலயும் இவ வாயாலயும் போச்சு.

தீர்ப்புல ஒரு இடத்துல எழுதியிருக்காகளாம். இறந்தவர் தன் வருமானத்தை மறைத்தவர்னு அவரோட தகப்பனாரே சாட்சி சொல்லியிருக்கிறார்னு. நான் படிக்கல. அவதான் படிச்சுக் காட்டுனா. படிச்சுட்டு மடிச்சு வெச்சா. அன்னைக்குச் சாயங்காலமே கெளம்பிட்டா. அண்டா, குண்டான், கரண்டி எதையும் தொடல. எல்லாம் உள்ளதான் அடுக்கி இருக்கு. ஆளைக் கூட்டிட்டு வந்து போர்டை மட்டும் கழட்டுனா. 'பூமிநாதன் சமையல்'னு போட்ட போர்டு. 'அவுக பேரு இந்த வீட்டுல இருக்க வேணாம் மாமா'ன்னுட்டுப் போயிட்டா.

அவ பங்குப் பணம் வந்ததும் முதல் வேலையா என்ன செஞ்சா தெரியுமா? ஆடிட்டர்கிட்டப் போயி, எத்தனை வருசத்துக்குப் பின்னாடி போய்க் கட்ட முடியுமோ அத்தனை வருசத்துக்கும் பூமி பேருல வரியும் கட்டி அதுக்கு மேல அபராதமும் கட்டிட்டு வந்திருக்கா. செத்தவனுக்கு வரி! ஊர்ல சொன்னா சிரிப்பாக. கட்டிட்டு அந்த ரசீதை அவன் போட்டோவுக்குக் கீழ வெச்சு விளக்கேத்துனாளாம். எனக்குச் சொன்னவன் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம் சிரிப்பு வரல.

பேத்தியைப் பாக்கணும் போல இருந்துச்சு. பள்ளிக்கூட வாசல்ல போயி நின்னேன். அதுக்குன்னே கைமுறுக்கு சுத்திக் கொண்டு போனேன், எண்ணெய் ரொம்பக் காயாம, நெறம் மாறாம, அவளுக்குப் புடிச்ச பதத்துல. வெளிய வந்தா. பாத்தா. கிட்ட வந்து நின்னுக்கிட்டு, 'தாத்தா, அப்பா திருடனா?'ன்னு கேட்டா. கூடப் படிக்கிற பிள்ளை ஏதோ சொல்லிருச்சாம், உங்க தாத்தாவே கோர்ட்டுல சொன்னாராமேன்னு. 'இந்தா, முறுக்கு சாப்பிடு'ன்னேன். வாங்கல. வேன் ஹாரன் அடிச்சதும் போயிட்டா.

போன வாரம் வெள்ளிக்கிழமை தமயந்தி இங்க வந்தா. நீங்க உக்காந்திருக்கிற ஸ்டூல்லதான் உக்காந்தா. நான் என்னமோ மனசு மாறி வந்திருக்கான்னு காப்பி போட எந்திரிச்சேன். வேணாம்னுட்டா. 'ஒரு வரி வேணும் மாமா'ன்னா.

எனக்கு அந்த வார்த்தையே ஆகாது. 'வரியா? என்ன வரி?'ன்னேன்.

'கட்டுற வரி இல்ல. எழுதுற வரி. ஒரே ஒரு வரி. என் மகன் மறைக்கவில்லை, நான்தான் மறைக்க வைத்தேன். அம்புட்டுத்தான். கீழ கையெழுத்து. எந்த ஆபீசுக்கும் நான் கொண்டு போக மாட்டேன், அவுக மேல சத்தியம். இனியா பெரியவளாயி என்னைக்காவது அந்தத் தீர்ப்பை எடுத்துப் படிப்பா. அன்னைக்குப் பக்கத்துல வைக்க எங்கிட்ட ஒரு தாளு வேணும்'னா.

நான் அடுப்பைத் தொடைச்சுக்கிட்டு நின்னேன். அவளே சொன்னா. திருச்சியில ஒரு காலேஜு ஹாஸ்டல்ல சமையல் எடுத்திருக்காளாம். வர்ற திங்கக்கிழமை பிள்ளையோட குடி போறா. இங்க உள்ள கல்யாணத்துக்கெல்லாம் அங்கயிருந்து ஆளோட வந்து செஞ்சு குடுப்பா, உங்களுக்கு அதுல கவலை வேணாம். 'திங்கக்கிழமைக்குள்ள எழுதிக் குடுத்தீகன்னா லீவுக்கெல்லாம் பிள்ளை உங்ககிட்ட வந்து இருக்கும். இல்லேன்னா...'ன்னா. மிச்சத்தைச் சொல்லல. எந்திரிச்சுப் போயிட்டா.

இன்னைக்கு என்ன கிழமை? சனி. ஆமா, சனி.

எழுதாம இருப்பனா தம்பி? அந்தப் பிள்ளை இல்லாம எனக்கு யாரு இருக்கா? ஊருக்கே ஆக்கிப் போட்ட கை, இப்ப ஒத்தைக்கு ஒரு ரசத்தை வெச்சு, அதையும் பாதி குடிச்சுட்டுக் கொட்டுறேன். எட்டு நாளா இதே வேலையாத்தான் உக்காந்திருக்கேன். இந்தா பாருங்க. 'என் மகன் பூமிநாதன்'. அதோட நிக்குது. இது வேற தாளு. 'அந்தக் காலச் சூழ்நிலையை முன்னிட்டு நானும் என் மகனும்'. இது சரியா வரல. 'நானும்'னு வந்தா நாளைக்கு வில்லங்கம். இது நல்லா இருக்கா பாருங்க. 'தெரிந்தோ தெரியாமலோ ஏதேனும் நடந்திருந்தால்'. படிச்சுப் பாத்தா நல்லாத்தான் இருக்கு. ஒத்துக்குவாளா? ஒத்துக்க மாட்டா. முழுசா வேணும்பா. அவளுக்கு எல்லாமே முழுசாக் கட்டணும். ஒரு வரியில பாதியைக் குறைச்சுக்கக் கூடாதா?

நீங்களா இருந்தா எழுதிக் குடுப்பீகளா? சத்தியம் பண்ணுனாதான். பொம்பளை பண்ணுன சத்தியத்தை நம்பி வீட்டை வைக்க முடியுமா? நாளைக்கு அவளுக்கு ஒரு கோவம் வந்து எங்கயாவது கொண்டு போய்க் குடுத்துட்டா? இந்த வயசுல நான் ஆபீசு ஆபீசா ஏறி நிக்கணுமா? அவன் போயிட்டான். அவனுக்கு இனிமே நல்ல பேரு வந்து என்ன ஆகப் போகுது? நான் இருக்கேன்ல.

எந்திரிச்சுட்டீக. ஆமா, வெயிலும் தாழ்ந்துருச்சு. தேரடிக்குப் பின்னாடி ரெண்டாவது சந்து. பச்சைக் கேட்டு. பேசாம நானே உங்க கல்யாணத்தை எடுத்துச் செய்யவா? பில்லு கில்லு வேணாம், அந்தப் பத்தாயிரம் உங்களுக்கே மிச்சம். ம்? இல்லையா. சரி சரி, உங்க இஷ்டம். போங்க.

இருங்க, ஒரு நிமிசம். நீங்க அங்கதானே போறீக? இந்தத் தாளை உங்ககிட்டயே...

வேணாம். விடுங்க. எழுதி முடிக்கல இன்னும். திங்கக்கிழமைக்கு ரெண்டு நாள் இருக்கு.

அட்ரஸ் யாரு சொன்னாகன்னு கேப்பா. பக்கத்து வீட்டுல கேட்டேன்னு சொல்லுங்க. கெழவன் ஏதாச்சும் குடுத்து விட்டாரான்னு கேப்பா. அவரு ஊர்ல இல்ல, வீடு பூட்டிக் கெடந்துச்சுன்னு சொல்லிருங்க. அந்தப் பச்சைக் கேட்டு வாசல்ல பிள்ளை வெளையாடிக்கிட்டு இருக்கும். அது கேட்டாலும் அதையே சொல்லுங்க.